மேடு தொடங்கும் இடம்

திண்டிவனம்
மார்ச் 17

வெண்ணிலாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் இவ்வளவுதான்.

பாக்கியராஜ் வீட்டில் தங்கியிருக்கிறேன். நம் கல்யாணத்தில் பாயசத்தைத் திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்தானே, அவன்தான். அவனுடைய எண்ணெய் மில்லில் மல்லாட்டை மூட்டை இறக்குகிறேன், உடம்பெல்லாம் கடலைத் தூசி. அவர்களுக்கு இது தவக்காலம், வீட்டில் கறி, மீன் கிடையாது. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை, அதனால் தொந்தரவு இல்லை. நான் இங்கே இருப்பதைச் செல்வகுமாரிடம் சொல்லாதே. கூடப் பிறந்தவன்தான், ஆனால் அவன் வாயில் எதுவும் நிற்காது. வீட்டுக்கு எழுதினால் பிரித்துவிடுவான் என்றுதான் உன் காலேஜ் முகவரிக்கு எழுதுகிறேன்.

ஃபோனை அணைத்துவிட்டேன். மாசி மகத்தன்று சாமியைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்குக் கொண்டு போனபோது யாரோ எடுத்த அந்த வீடியோவை எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்தபடி கரையைப் பார்த்து ஓடி வருகிறேன். பின்னால் பல்லக்கு சாய்கிறது, முருகன் கடலில் விழுகிறார். அதற்கு ஒரு காமெடிப் பாட்டு வேறு. நேற்று எண்ணெய் வாங்க வந்த ஒருவர் தன் ஃபோனையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணா, நீங்க காணை பக்கமா?" என்றார்.

"இல்லீங்க, நமக்கு வல்லம்" என்று சொல்லிவிட்டேன். சாமியை விட்டேன், இப்போது சொந்த ஊரையும் விட்டுவிட்டேன்.

பல்லக்கின் முன்தண்டில் முதல் தோள் எங்கள் குடும்பத்துக்கு. அப்பா பிடித்தார், அவருக்குப் பிறகு நான். நான் விட்டதால்தான் சாமி விழுந்தது என்று ஊர் சொல்கிறது. சரிதான், சொல்லட்டும். நீ யாரிடமும் எனக்காகப் பேசாதே.

கரும்பு வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தால் செல்வகுமாரைப் பார்த்துக்கொள்ளச் சொல். கிழக்குக் கழனிக்குத் தண்ணீர் விடச் சொல்.

உன் வலது தோள் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா?

சக்கரபாணி

•

விழுப்புரம்
மார்ச் 20

மாமா,

கடிதத்தைக் காலேஜில் ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்தேன். அன்று கடலிலிருந்து ஓடினீர்கள், மறுநாள் வீட்டிலிருந்து ஓடினீர்கள். கட்டிங் ஆர்டரைப் பற்றி எழுதத் தெரிகிறது, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத் தெரியவில்லை. தினமும் ஒரு ஆள் வாசலில் நின்று "சக்கரபாணி எங்கம்மா பூட்டான்?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது? திருப்பதிக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒரு மனிதன் திருப்பதியில் இருப்பான்?

அன்று கடலில் விழுந்ததில் சின்னபொண்ணு அக்காவுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. முருகனுக்கு வேல் வளைந்து, இடது கை ஒடுங்கியிருக்கிறது. ஸ்தபதி வந்து பார்த்துவிட்டுப் போனார். தர்மகர்த்தா விருத்தாசலம் அமாவாசையன்று கோயிலில் கூட்டம் போடுகிறார். முதல் தோளை உங்களிடமிருந்து எடுத்து வேறு குடும்பத்துக்குக் கொடுப்பதா என்று பேசப் போகிறார்கள். தேவா வீட்டில் இப்போதே தோளைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். அமாவாசைக்குள் நீங்கள் வரவேண்டும். வந்து ஊர் முன்னால் நின்று, அந்த அலையில் எந்த மனிதனும் நின்றிருக்க முடியாது என்று சொல்லவேண்டும்.

அது உண்மையும்கூட. நடுக்கடலில் பேரலை வந்தால் அதன் முகடும் பள்ளமும் ஏறக்குறைய ஒத்த அளவில் இருக்கும். ஆழம் குறையக் குறைய அதன் உருவமே மாறிவிடும். பள்ளம் நீண்டு தட்டையாகப் படுத்துவிடும். முகடு ஒடுங்கி, கூராகி, உயரமாக எழும்பும். கரையைப் பார்க்கும் பக்கம் சுவர் போல நிமிரும். கரும்பு லோடு ட்ராக்டர் வேகத்தடையில் ஏறும்போது முன்னால் வண்டி தயங்க, பின்னால் டிரெய்லர் வந்து முட்டுகிறதே, அதைப்போல அலையின் பின்பாதி முன்பாதியின் மேல் ஏறிக்கொள்ளும். காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தூரத்துப் புயலில் பிறந்த நெடிய அலைகள் கூட்டமாக வந்து சேரும். அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் எழலாம். அதுதான் அன்று வந்தது. இதில் உங்கள் குற்றம் என்ன இருக்கிறது?

வந்துவிடுங்கள். தோள் பரவாயில்லை.

வெண்ணிலா

•

திண்டிவனம்
மார்ச் 22

வெண்ணிலா,

உன் பாடத்தைப் படித்தேன். டிரெய்லர் வரைக்கும் நன்றாகப் புரிந்தது. பாக்கியராஜின் மனைவி அந்தோணிமேரியிடம் படித்துக் காட்டினேன், சொந்தக் கதையைத் தவிர்த்துவிட்டுத்தான். "அண்ணி எம்மாம் அயகா எழுதியிருக்காங்க, நீங்க இங்க மூட்டை தூக்கிக்கினு கெடக்கறீங்களே" என்றது. அந்தப் பெண்ணுக்கு வீடியோ தெரியும், எனக்குத் தெரியாது என்பது போல நடந்துகொள்கிறது. அது வீடியோவைவிடப் பேஜாராக இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்ததும் அன்றைய கடல் கண்ணில் வந்துவிட்டது. பள்ளம் நீண்டு தட்டையாகப் படுக்கும் என்றாயே, அதேதான். நாங்கள் பல்லக்கோடு மணல் மேட்டின் ஓரத்துக்குப் போனபோது கடல் அப்படியே ஓய்ந்துவிட்டது. தண்ணீர் முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கு இறங்கிற்று. "பாருங்கடா, முருகனைப் பாத்துட்டு கடலே தூங்கிப்போச்சி" என்று விருத்தாசலம் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாரும் அரோகரா போட்டோம். நான் ஒரு எட்டு முன்னால்கூட வைத்தேன். அதுதான் அலையின் பள்ளமா? நாங்கள் அதைச் சாமியின் மகிமை என்று நினைத்தோம்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. இதெல்லாம் உன் படிப்பிலேயே இருக்கிறது என்றால், அந்த மேட்டின் ஓரம் ஆகாது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? உனக்கு அந்த நேரத்தில் தோன்றியிருக்காது. கையில் கற்பூரத் தட்டு, சுற்றிலும் கூட்டம், மேளம். விடு.

அமாவாசைக்கு என்னால் வர முடியாது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது.

தோள் பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம்? கை தூக்க முடிகிறதா? போர்டில் எழுத முடிகிறதா?

சக்கரபாணி

•

விழுப்புரம்
மார்ச் 24

மாமா,

காலேஜில் அம்மா வீட்டு வேலை என்று பொய் சொல்லிவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தோன்றாமல் இல்லை. அந்த இடத்தைச் சொன்னதே நான்தான்.

நினைவு இருக்கிறதா, நாம் போய்ச் சேர்ந்தபோது கரையோரம் முழுக்க மற்ற ஊர்ச் சாமிகள் நின்றிருந்தன. நம் பல்லக்குக்கு இடமில்லை. நீங்கள் தண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். விருத்தாசலம் என்னைத் தனியே ஓரமாகக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, நீங்க அலையைப் பத்தியே படிச்சி பட்டம் வாங்கினவங்க. சாமியை எங்க எறக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். மருமகளாக வந்து ஆறு வருஷத்தில் அந்த ஊர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதுவரை சாம்பாரில் உப்பு போதுமா என்றுகூட யாரும் கேட்டதில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. கடலுக்குள் சற்றுத் தள்ளித் தெரிந்த மணல் மேட்டின் ஓரத்தைக் காட்டினேன். "அங்க முழங்கால் தண்ணிதாங்க. ஆழம் எவ்வளவோ அதுக்கு மேல அலை நிக்காது, உடைஞ்சிடும். பயமே இல்லாம போங்க" என்றேன். வகுப்பில் சொல்லும் குரலில் சொன்னேன்.

அந்த விதி பொய்யில்லை. ஆனால் அலைக்கு ஆழம் குறைந்துவிட்டது என்பது உறைக்கக் கொஞ்ச தூரம் பிடிக்கும். ஆழத்திலிருந்து சட்டென்று மேட்டில் ஏறும் அலை, மேடு தொடங்கியதும் உடைந்துவிடாது. அங்கேதான் தன் அளவுக்கு மீறி எழும். மேட்டின் மேல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் அடங்கும். சென்னையில் ஆராய்ச்சி செய்தபோது கண்ணாடித் தொட்டியில் பலகையால் சரிவு வைத்து, நாள் முழுக்க அலை எழுப்பிப் பார்த்தேன். சரிவு முடிந்து மேடு தொடங்கும் இடத்துக்குச் சற்று அப்பால் வைத்த கருவிதான் எப்போதும் துள்ளும். அந்தப் படத்தை என் கையால் வரைந்து சட்டம் போட்டு ஸ்டாஃப் ரூமில் என் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் டப்பா சோறு சாப்பிடுகிறேன். நான் கையை நீட்டிக் காட்டியது அதே இடத்தை.

இப்போது படத்தைக் கழற்றிவிட்டேன். "ஏன் மேடம் எடுத்துட்டீங்க?" என்று கேட்டார்கள். கண்ணாடி விரிசல் என்றேன்.

விருத்தாசலம் இதை யாரிடமும் சொல்லவில்லை. பொம்பளை பேச்சைக் கேட்டுச் சாமியை உள்ளே கொண்டு போனார் என்று தன்னைச் சொல்வார்கள் என அவருக்குப் பயம். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஊர் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறது, நான் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன். போன கடிதத்தில் கடலைப் பற்றி அவ்வளவு எழுதினேனே, என்னைப் பற்றி எழுதாமல் இருப்பதற்காகத்தான். கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். அந்தோணிமேரிக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

வெண்ணிலா

•

திண்டிவனம்
மார்ச் 26

வெண்ணிலா,

கிழித்துவிட்டேன். நீ கூட்டத்தில் ஒன்றும் சொல்ல வேண்டாம். இடத்தை நீ காட்டினால் என்ன, வேறு யார் காட்டினால் என்ன? பல்லக்கு அங்கே தானாகவா நடந்து போயிற்று? பதினாறு ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போனோம். நீ படித்ததைச் சொன்னாய், அது தவறிவிட்டது. கழனியில் நான் மருந்து தவறி அடித்து ஒரு வருஷப் பயிரையே பொசுக்கவில்லையா? அன்று நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

நான் ஊரைவிட்டு வந்தது வீடியோவுக்காக இல்லை. சாமிக்காகவும் இல்லை. சாமிக்கு நாலு குடம் பால் ஊற்றினால் சமாதானமாகிவிடுவார். உன் மூஞ்சியில் முழிக்க முடியாமல்தான் வந்தேன்.

அந்த அலை எழுந்தபோது முதலில் பார்த்தது நான்தான். முன்தண்டில் இருந்தவன் ஆச்சே. சத்தமே இல்லை வெண்ணிலா. பச்சையாக ஒரு சுவர், மேலே மட்டும் வெள்ளையாக ஒரு கோடு. முருகனுடைய குடை உயரத்துக்கு அந்தக் கோடு தெரிந்தது. அதற்குப் பிறகு நான் மனுஷனாக இல்லை. தண்டை விட்டேன், திரும்பினேன், ஓடினேன். வழியில் யாரோ குறுக்கே நின்றார்கள். முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு ஓடினேன். கரையேறித் திரும்பிப் பார்த்தபோதுதான் அது நீ என்று தெரிந்தது. கற்பூரத் தட்டு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் உருண்டுகொண்டிருந்தாய். செல்வகுமார்தான் உன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். நான் கரையில் நின்று பார்த்தேன்.

உன் தோளில் இருப்பது அலை அடித்த காயம் இல்லை. என் முழங்கை. நீ எல்லாரிடமும் "அலை அடிச்சிட்டுது" என்று சொல்லிக்கொண்டு, அந்தக் கையாலேயே ராத்திரி எனக்குச் சோறு போட்டாய். அந்தச் சோற்றை என்னால் விழுங்க முடியவில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வீடியோவில் நீ இல்லை. குடை மறைத்துவிட்டது. ஊர் பார்த்துச் சிரிப்பது பாதியைத்தான். மீதியை நான் ஒருவன்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தோளை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். தேவா பிடிக்கட்டும். எனக்கு வேண்டாம்.

சக்கரபாணி

•

விழுப்புரம்
மார்ச் 30

மாமா,

நேற்று அமாவாசை. கூட்டம் முடிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பழைய கடிதங்களைப் போல ஆகிவிடும்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

அலை எழுந்தபோது நான் கடலைப் பார்த்தபடி நிற்கவில்லை மாமா. உங்களைப் பார்த்தபடி நின்றேன். நீங்கள் திரும்பியதும் நம் கண் நேருக்கு நேராகச் சந்தித்தது. "யாரோ" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் யாரோ இல்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், என்னைத்தான் என்று தெரிந்துதான் தள்ளினீர்கள். "அலை அடிச்சிட்டுது" என்று நான் சொன்னது உங்களைக் காப்பாற்ற இல்லை. புருஷனே தள்ளிவிட்டு ஓடினான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் ஊர் உங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. இடத்தைக் காட்டியது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிச் சிரிப்பு நின்றிருக்கும். பயத்தால் சொல்லவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். அதுவும் பாதிதான். சிரிக்கட்டும் என்று இருந்தேன். என்னைத் தள்ளிவிட்டு ஓடினவர்தானே, படட்டும் என்று இருந்தேன். ஸ்டாஃப் ரூமில் கலைப்பிரியா மேடம் அந்த வீடியோவைக் காட்டினார், அது என் வீட்டுக்காரர் என்று அவருக்குத் தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மாமா. அது என் புருஷன் என்று சொல்லவில்லை, வாய் விட்டுச் சிரித்தேன். நீங்கள் ஊரை வல்லம் என்று மாற்றிச் சொன்னதைப் படித்தபோது அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது. கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சரி, கூட்டம். கோயில் மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் தூணுக்கு இந்தப் பக்கம். தேவா புது வேட்டியில் வந்திருந்தார். விருத்தாசலம் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். உட்கார்ந்திருந்தால் எழவே மாட்டேன் என்று பயம். "எடத்தைக் காட்டினது நானுங்க. அது தப்பான எடம்னு என் படிப்பிலேயே இருக்குதுங்க. நான் காட்டினதாலதான் சாமி விழுந்துச்சி" என்றேன். விருத்தாசலம் தரையைப் பார்த்தார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு சின்னபொண்ணு அக்கா மாவுக்கட்டுக் கையைத் தூக்கினார். "எல்லாரும்தானே ஓடினோம்? நான் எம்பேத்தி கையை உட்டுட்டு ஓடினேன். ஓடறப்பதான் வுழுந்து கையி ஒடைஞ்சிது. வீடியோவுல வராதவங்க எல்லாம் யோக்கியமா?" என்றார். தேவா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விருத்தாசலம் கடைசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தோளை யாருக்கும் குடுக்கல. அவங்கிட்டயும் குடுக்கல. அவன் வந்து இங்க நின்னு பேசட்டும். பொண்டாட்டி பேசிட்டா புருஷன் பேசினதா ஆயிடாது. வர்ற வரைக்கும் முன்தண்டு காலியா கெடக்கும்." உடனே என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சரம்மா, அடுத்த மாசி மகத்துக்கு எங்க நிக்கலாம்னு நீங்கதான் பாத்து சொல்லணும்" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

முழங்கையைப் பற்றி நான் சொல்லவில்லை. அது ஊருக்குச் சேர்ந்தது இல்லை.

தோளில் நீலம் போய் மஞ்சளாகிவிட்டது. போர்டில் எழுத முடிகிறது. வாருங்கள் என்று இந்தத் தடவை கூப்பிடவில்லை. நான் சிரித்ததைத் தெரிந்துகொண்ட பிறகும் வரத் தோன்றினால் வாருங்கள்.

வெண்ணிலா

•

திண்டிவனம்
ஏப்ரல் 2

வெண்ணிலா,

ஆமாம். பார்த்தேன். நீதான் என்று தெரிந்துதான் தள்ளினேன். "யாரோ" என்று எழுதும்போதே பேனா தயங்கியது, இருந்தாலும் எழுதிவிட்டேன். நான் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்தால் பரவாயில்லை, இது தெரிந்தால் நீ என்னோடு இருக்க மாட்டாய் என்று நினைத்தேன். உனக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சோறு போட்டிருக்கிறாய். நீ சிரித்ததற்கு நான் என்ன சொல்வது? சிரித்திருக்க வேண்டியவள் நீ ஒருத்திதான்.

பாக்கியராஜிடம் சொல்லிவிட்டேன். அந்தோணிமேரி ஒரு டின் மல்லாட்டை எண்ணெய் கொடுத்து, "அண்ணிகிட்ட குடுங்க, தோளுக்குத் தேய்ச்சா நல்லது" என்றது. அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். ஃபோன் பண்ணாதே, இன்னும் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். காலேஜ் விட்டதும் நீ அங்கே வந்து நில். நம் ஊர் டவுன் பஸ்ஸில் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். நேராகக் கோயிலுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போனால் எனக்கு மறுபடி வெளியே வரத் தைரியம் வராது.

ஒன்றே ஒன்று. பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயில் தெருவில் நடக்கும்போது நீ என் பக்கத்திலும் வராதே, முன்னாலும் போகாதே. எனக்குப் பின்னால் வா. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கட்டாயம் சிரிப்பார்கள், அந்தப் பாட்டையும் போடுவார்கள். எனக்குத் திரும்பி ஓடத் தோன்றும். என்னை எனக்குத் தெரியும். ஆனால் ஓடுவதென்றால் உன்னைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

அது இனிமேல் என்னால் ஆகாது.

சக்கரபாணி